வாயிற்படியும் விருந்தோம்பலும்

‘விருந்து’ என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது உணவு. பழந்தமிழில் அச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் நூலின் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்துப் புதிதாகப் புனையும் யாப்பிற்கு ‘விருந்து’ என்றே பெயரிட்டார். இல்லத்திற்குப் புதியராய் வந்தவரும் அப்பொருள் பற்றியே விருந்து எனப்பட்டனர். வள்ளுவர் தம் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் அவரைப் பேணும் கடமைக்கு ஒதுக்கினார். இவை தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்திகளே. எனினும், வகுப்பில் இவ்வதிகாரத்தை நடத்தும்போது நாம் கேளாது விடுகின்ற வினா ஒன்று உண்டு. விருந்தினர் வாயில் வரை வந்துவிட்டார். ஆனால் வாயிற்படியை ஏற அவரால் இயலவில்லை. அந்நிலையில் நம் விருந்தோம்பல் எங்கே தொடங்குகிறது?

முப்பதாண்டுக் காலம் ஆசிரியத் தொழிலில் இருந்தும் இவ்வினாவை யான் கேட்டுக்கொண்டதில்லை. பயிற்சிக் கல்லூரியிலும் எவரும் கேட்கவில்லை. கேட்க வைத்தவை இரண்டு: எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு பயின்ற ஒரு சிறுமி, சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் ஒரு பெரிய விடுதி.

சத்திரமும் சுமைதாங்கியும்

வழிச்செல்வோர் தங்கும் இடத்திற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அம்பலம், பொதியில், சாவடி, மடம், சத்திரம், விடுதி எனப் பல பெயர்கள் வழங்கின. தஞ்சை மராட்டிய மன்னர்கள் தம் நாட்டுப் பெருவழிகளில் சத்திரங்கள் பல கட்டினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் எழுந்த முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. அங்கே உணவுக்கும் இருப்புக்கும் கூலி இல்லை.

‘ஹோட்டல்’ என்னும் மேலைச் சொல்லின் வரலாறும் சுவையானது. விருந்தினர், விருந்தளிப்போர் ஆகிய இருவரையும் ஒருசேரக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லே அதன் வேர். ‘ஹாஸ்டல்’, ‘ஹாஸ்பிட்டல்’ என்பனவும் அவ்வேரில் கிளைத்தவையே. மாணவர் தங்கும் இல்லமும், நோயாளர் தங்கும் மனையும், செல்வர் தங்கும் மாளிகையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் மதுரையில் பிச்சை ஏற்று, கண்ணில்லாதவரையும் செவி கேளாதவரையும் கால் வழங்காதவரையும் அழைத்து உண்பித்த பின்னரே தான் உண்டான். யாரை அழைக்க வேண்டும் என்பதில் நம் முன்னோர்க்கு ஐயம் இருந்ததில்லை. ஆயினும் கால் வழங்காதவர் அவன் இருந்த இடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தார் என்று நம் மாணவன் ஒருவன் கேட்டால் நாம் என் சொல்வோம்? அழைப்பது ஒன்று, வரும் வழியை ஆக்குவது மற்றொன்று.

வழியை ஆக்கும் அறிவும் தமிழரிடம் இருந்தது. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இன்றும் சிற்சில இடங்களில் காணப்படும் சுமைதாங்கிக் கல்லே அதற்குச் சான்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவன் குனியாமலும், பிறரைக் கூவி அழைக்காமலும் தானே சுமையை இறக்கி, தானே மீண்டும் ஏற்றிக்கொள்வதற்கு ஏற்ற உயரத்தில் அக்கல் இருக்கும். அதன் உயர்வு அந்த அளவிலேதான் இருக்கிறது. ஒரு சாண் தாழ்ந்திருந்தாலும் அது சுமைதாங்கி ஆகாது, வெறும் திண்ணை ஆகும். இக்கருத்தை வாசகர் மனத்திற் கொண்டு மேலே வரவேண்டுகிறேன்.

தேக்காவின் ஐந்தடிப் பாதை

சென்ற ஆண்டு எம் பள்ளி மாணவர் முப்பது பேரை ஜொகூர்ப் பாலம் வழியே சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். 2015-ஆம் ஆண்டு கேம்பல் சந்தில் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையத்தைக் காண்பதே நோக்கம். அச்சிறுமியும் வந்தாள். பிறவியிலேயே கால்களில் வலுவில்லாதவள். பள்ளியில் அவளுக்குச் சக்கர நாற்காலி உண்டு. ஆனால் அது வகுப்பறைத் தாழ்வாரத்திலேயே கிடக்கும். முற்றத்திலிருந்து தாழ்வாரத்திற்கு மூன்று படிகள். ஆறாம் ஆண்டு பயின்ற அவள் அண்ணன் நாள்தோறும் அவளைத் தூக்கி ஏற்றுவான், தூக்கி இறக்குவான். அவ்வன்பைக் கண்டு யான் பலமுறை பள்ளிக் கூட்டத்தில் அவனைப் பாராட்டியதுண்டு. அடுத்த ஆண்டு அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டால் யார் தூக்குவார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

லிட்டில் இந்தியா என்று வழங்கும் தேக்காப் பகுதியின் சிறப்பு அதன் ஐந்தடிப் பாதை. ஒவ்வொரு வீட்டின் முன்னும் எந்நேரமும் திறந்திருக்கும் தாழ்வாரம் வேண்டும் என்றும், அது தெருவின் இருமருங்கும் இடையறாத நடைவழியாகக் கூரையின்கீழ் ஓட வேண்டும் என்றும் 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவினருக்குக் கட்டளையிட்டார். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் எவரும் நடக்கலாம் என்பதே கருத்து. நடப்பவர்க்கு அது இன்றும் அருமையான ஏற்பாடு. ஆனால் கடைக்குக் கடை தளத்தின் உயரம் மாறுகிறது. ஒரு கடை வாயிலில் அரையடி ஏற்றம், அடுத்ததில் ஓரடி இறக்கம், இடையே மூட்டைகளும் பழக்கூடைகளும். 1989-ஆம் ஆண்டில் இப்பகுதி மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் பழைய கடைவீடுகள் உருவழியாமல் காக்கப்பட்டன. நல்லது. அவற்றோடு பழைய படிகளும் தங்கிவிட்டன.

சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடையின் முன் அச்சிறுமியின் நாற்காலி நின்றுவிட்டது. கடைக்காரர் முக்காலியை நகர்த்தினார். “வாம்மா, கண்ணு” என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு பலகையைக் கொணர்ந்து படியின்மேல் சாய்த்தார். பலகை வழுக்கிற்று. பிறகு நால்வர் சேர்ந்து நாற்காலியோடு அவளைத் தூக்கினர். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தெருவில் போவோர் அனைவரும் திரும்பிப் பார்க்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தூக்கியவர்கள் அதைக் காணவில்லை. யான் கண்டேன்.

அங்கிருந்து லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திற்குச் சென்றோம். 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வடகிழக்குத் தடத்தைச் சேர்ந்தது அது. தொடக்கத்திலிருந்தே சக்கர நாற்காலிக்கும் இடம் வைத்துக் கட்டப்பட்டது. தெருமட்டத்தில் மின்தூக்கி; தரையில் கண்பார்வையற்றோர் காலால் உணரும் புடைப்புக் கோடுகள்; அகன்ற நுழைவாயில். பின்னால் தள்ளிவந்த ஆசிரியையிடம் அவள், “டீச்சர், விடுங்க, நானே போய்க்கிறேன்” என்றாள். சக்கரங்களைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு முன்னே சென்றாள். அவள் அண்ணன் வெறுங்கைகளை என்ன செய்வதென்று அறியாதவன்போல் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான்.

நிலையத்தில் அகலமான கதவுடைய கழிவறை ஒன்றும் இருந்தது. அன்று அவள் உடன் வந்த ஆசிரியையிடம் சொன்ன செய்தியை ஆசிரியப் பெருமக்கள் அறிய வேண்டும். முன்னைய சுற்றுலாக்களில் காலை முதல் மாலை வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லையாம். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டிவரும், போக வழியிருக்காது என்ற அச்சம். அன்றைக்குத்தான் முதன்முறையாக வழியில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

கோட்டை, அஞ்சலகம், விடுதி

தோபி காட் நிலையத்தில் தடம் மாறி, ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி, ஆற்றங்கரையை அடைந்தோம். அங்கே நிற்பதுதான் புல்லர்ட்டன் விடுதி. இதன் வரலாறு நாட்டின் வரலாறு.

நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர் ராபர்ட் புல்லர்ட்டன். அவர் பெயரால் 1829-ஆம் ஆண்டளவில் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு கோட்டை எழுந்தது. 1870-களில் கோட்டை போய் அஞ்சலகம் வந்தது. பின்னர், இப்போது நாம் காணும் பெருங்கட்டடத்தின் வேலை 1924-ஆம் ஆண்டு தொடங்கி, 1928-ஆம் ஆண்டு சூன் 27-ஆம் நாள் ஆளுநர் ஹியூ கிளிப்போர்டால் திறக்கப்பெற்றது. கீஸ், டவுட்ஸ்வெல் என்னும் கட்டடக் கலைஞர் இருவரின் படைப்பு அது. கிரேக்கர் முறையில் உயர்ந்த தூண்கள் முகப்பை அணிசெய்கின்றன. தரைத்தளத்தில் தலைமை அஞ்சலகம் இயங்கிற்று. மேல்தளங்களில் பெருவணிகர் மன்றமும் அரசு அலுவலகங்களும் இருந்தன. அஞ்சலகத்தின் முகப்பு மேசை ஏறத்தாழ 300 அடி நீளம். கப்பல் அஞ்சலைக் கொண்டுசெல்லச் சாலையின் அடியில் துறைமேடை வரை ஒரு சுரங்கவழியும் இருந்தது.

அஞ்சலகத்திற்கு நடக்கும் தொலைவில் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. தமிழ்த் தொழிலாளர் ஊருக்கு அனுப்பிய காசும் கடிதமும் இவ்வட்டாரத்தின் வழியேதான் கப்பலேறின. அத்தகைய கடிதம் ஒவ்வொன்றின் பின்னும் படியேறி வந்த கால்கள் இரண்டு இருந்தன. மூட்டை விழுந்து கால் இழந்த துறைமுகத் தொழிலாளி இப்படிகளை எவ்வாறு ஏறியிருப்பான்? அன்று அவ்வினாவை எழுப்பியோர் யார்?

1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த நாள்களில், இக்கட்டடத்தின் பகுதிகளில் புண்பட்ட வீரர்க்கு மருத்துவம் நடந்தது. ஆளுநர் ஷென்டன் தாமசும் துணைவியாரும் அடைக்கலம் புகுந்ததும் இங்கேதான். மருத்துவமனை, விடுதி என்னும் சொற்கள் ஒருவேரில் கிளைத்தவை என மேலே கூறினோம். இக்கட்டடம் இரண்டுமாக இருந்து அச்சொல்வரலாற்றை மெய்ப்பித்துவிட்டது.

1958-ஆம் ஆண்டு முதல் 1970-களின் இறுதிவரை இதன் கூரைமேல் கலங்கரை விளக்கு ஒன்று எரிந்தது. சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் எழுந்து ஒளியை மறைக்கவே அது நின்றது. 1996-ஆம் ஆண்டு அஞ்சலகம் வெளியேறியது. 2001-ஆம் ஆண்டு தொடக்கத்தில் 400 அறைகளோடு விடுதியாகப் புத்துயிர் பெற்று, 2015-ஆம் ஆண்டு தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

இதன் முன்னுள்ள நீரும் மாறிவிட்டது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் ஆற்றைத் தூய்மை செய்தனர். 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மரினா அணைக்கட்டு கடலைத் தடுத்தமையால், ஒருகால் உப்புநீராய் இருந்த விரிகுடா இன்று நன்னீர்த் தேக்கம். கரையில் நிர்வாணச் சிறுவர் ஐவர் ஆற்றில் குதிக்கும் வெண்கலச் சிலைத் தொகுதி உள்ளது. எம் மாணவர்கள் அதைச் சூழ்ந்து நின்று சிரித்தனர். அவளும் சிரித்தாள்.

கண்ணுக்கும் ஓர் அளவு

நீர்க்கரை விடுதிகள் காட்சியை விற்கின்றன. நீரை நோக்கிய அறைக்கு விலை மிகுதி. ஆனால் காட்சி யாருடையது? நின்று பார்ப்பவர் கண்ணின் உயரம் ஐந்தடி. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கண்ணோ தரையிலிருந்து நான்கடிக்குள் அடங்கும். சிறுவராயின் இன்னும் தாழும். மாடத்தின் கைப்பிடிச் சுவர் நான்கடிச் செங்கற்சுவராயின், அமர்ந்தவருக்குக் கிடைப்பது சுவர்க்காட்சியே. அதே இடத்தில் கண்ணாடியோ கம்பியோ வைத்தால் நீர் இருவர்க்கும் பொது. இதற்குச் செலவு பெரிதன்று, முன்னரே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் 1980-களில் பரப்பிய கோட்பாடும் இதுவே. சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர் அவர். ஊனமுற்றோர்க்கெனத் தனியே ஒன்று வேண்டா. எல்லோர்க்கும் பயன்படுமாறு முதலிலேயே அமையுங்கள் என்றார். சாய்தளம் சக்கர நாற்காலிக்கு மட்டுமா? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துவரும் தாய்க்கும், கைத்தடி ஊன்றும் முதியவர்க்கும், பெட்டியை உருட்டிவரும் பயணிக்கும் அது வழி. நம் சுமைதாங்கியின் தத்துவமும் இதுவன்றோ?

சிங்கப்பூரில் தடையற்ற கட்டட விதித்தொகுப்பு 1990-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்து, பலமுறை திருத்தப்பெற்றுள்ளது. புதிதாய் எழும் கட்டடங்களும், பெரிய மாற்றம் காணும் பழைய கட்டடங்களும் அதற்கு உட்பட்டவை. அதன் உயிர் அளவுகளில் உள்ளது. சாய்தளம் ஓர் அங்குலம் உயர்வதற்குக் குறைந்தது 12 அங்குல நீளம் வேண்டும். அதாவது, ஓர் அங்குலத்திற்கு ஓரடி. கதவைத் திறந்தபின் 850 மில்லிமீட்டர், ஏறத்தாழ 34 அங்குலம், தடையின்றி இருக்க வேண்டும். நாற்காலி முழுதும் திரும்ப 1500 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஐந்தடி, வெற்றிடம் வேண்டும்.

நல்ல விடுதியறையில் இவ்வளவுகள் ஒன்றோடொன்று கைகோத்து வரும். கட்டிலின் உயரம் நாற்காலி இருக்கையோடு ஒத்திருக்கும், கழிவறையில் பிடிகம்பிகள், முகங்கழுவும் தொட்டியின்கீழ் முழங்கால் நுழைய இடம், குளியலறைக்கும் அறைக்கும் இடையே வரம்பு இல்லை, துணி மாட்டும் கம்பி கைக்கெட்டும் தாழ்வில், கேளாதவர்க்குக் கதவு தட்டுவதை அறிவிக்கும் ஒளி, பாராதவர்க்கு மின்தூக்கிப் பொத்தானில் தொட்டறியும் எழுத்து. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் மற்றவை வீணாகும். வேற்றூரில் ஒரு தங்குமனையில் ‘எல்லா வசதியும் உண்டு’ என்று அறிவிப்புப் பலகை கண்டேன். அதன் பெயர் வேண்டா. அகலமான குளியலறை உண்மையாகவே இருந்தது. ஆனால் வாயிலில் இரண்டு படிகள்!

எங்கள் மூன்று படிகள்

ஊர் திரும்பியதும் முதல்வேலையாகப் பள்ளிப் படிக்குச் சாய்தளம் அமைக்க முனைந்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் சிமெண்டு தந்தனர். கொத்தனார் ஒருவர் கூலியின்றி வந்தார். யான் அருகில் நிற்கவில்லை. ஆறடி நீளத்தில் அழகாகச் சாய்தளம் கட்டி, சாயமும் பூசிவிட்டனர். மறுநாள் அண்ணன் தள்ள, அவள் ஏறினாள். பாதிவழியில் நாற்காலி பின்னோக்கிச் சாய்ந்தது. அவன் தன் மார்பால் தாங்கிக்கொண்டான். இல்லையேல் தலையில் அடிபட்டிருக்கும். குற்றம் கொத்தனாருடையதன்று. அளவு சொல்லாதவன் யான்.

பின்னர் ஐந்தாம் ஆண்டு மாணவரையே கணக்குப் போடச் செய்தேன். படி ஒன்று ஆறு அங்குலம். மூன்று படிக்குப் பதினெட்டு அங்குலம். ஆகவே சாய்தளத்தின் நீளம் பதினெட்டு அடி. நாங்கள் கட்டியதோ ஆறு அடி. நான்கு அங்குலத்திற்கு ஓர் அங்குல ஏற்றம். வேண்டியதைப்போல் மும்மடங்கு செங்குத்து! இடித்துவிட்டு, பதினெட்டு அடிக்கு, இருபுறமும் கைப்பிடி வைத்து, மீண்டும் கட்டினோம். விகிதம் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாக யான் நடத்தியதில்லை.

அண்ணன் இப்போது இடைநிலைப் பள்ளியில். தங்கை ஐந்தாம் ஆண்டில். காலையில் தானே ஏறி வருகிறாள். முன்பு அவனைப் பாராட்டிய கூட்டத்தில், அவள் தானே வருவதைப் பாராட்ட எழுந்து, வாய் மூடி அமர்ந்துவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் தாமே வருகின்றனர். இதில் பாராட்ட என்ன இருக்கிறது?

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் பொதுக்கட்டடங்களில் நுழையும் உரிமையை அவர்க்கு உறுதி கூறுகிறது. சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டா. நானூறு அறை விடுதிக்குப் பெருஞ்செல்வம் வேண்டும்; பதினெட்டு அடிச் சாய்தளத்திற்குச் சில மூட்டை சிமெண்டும் ஓர் அளவுநாடாவும் போதும். விருந்தோம்பல் அதிகாரம் நடத்தும் வாரத்தில், ஆசிரியர்கள் மாணவர் கையில் அந்நாடாவைக் கொடுத்துத் தம் பள்ளியின் படிகளையும் கதவுகளையும் அளக்கச் சொல்லலாம். கோயில், வாசகசாலை, தோட்டத்து மண்டபம் எனப் பிறகு விரிக்கலாம்.

எங்கள் அளவையில் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. பள்ளிக் கழிவறைக் கதவின் அகலம் 28 அங்குலம். வேண்டுவது 34. அச்சுவரை இடிக்கும் வரையில், பள்ளி நாள்களில் அவள் தண்ணீர்ப் புட்டி நிறைந்தபடியே வீடு திரும்பிக்கொண்டிருக்கும்.